கல்லூரியில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது, வகுப்பில் ஒன்றும் புரியவில்லை. எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் இருக்குமா?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த நாலு வரியையும் படித்தேன். அரசுப் பள்ளி, தமிழ்வழி, வேலூரில் ஒரு கல்லூரி, அறிவியல் பிரிவு. வகுப்பில் சொல்வது புரியவில்லை, யாரிடமும் பேச முடியவில்லை, டிசி வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றுகிறது என்று முடித்திருக்கிறீர்கள்.

டிசி வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் "காலேஜ் எப்படிக் கீது?" என்று கேட்டிருப்பார்கள். "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போயிருப்பீர்கள். நானும் இரண்டு வாரம் அதையேதான் சொன்னேன்.

எனக்கு ஊர் கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு கிராமம். நைனா குடியாத்தத்தில் லுங்கித் தறியில் கூலிக்கு நெய்தார் (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்). அம்மா வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றினாள். 2006-ல் பிளஸ் டூ முடித்து வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்து 200 வருஷம் ஆனதென்று கோட்டையில் விழா எடுத்து, தபால்தலை வெளியிட்ட ஜூலை மாதம் அது. பெரிய ஊருக்குப் படிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் இருந்த எனக்கு அந்தக் கொடியும் பந்தலும் என்னை வரவேற்பதற்காகவே கட்டியதுபோல் இருந்தது.

சேர்க்கை விண்ணப்பத்தை நைனாதான் நிரப்பினார். ஐந்தாவது வரைதான் படித்தவர், ஆனால் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மாவட்டம் என்ற கட்டத்தில் 'வட ஆற்காடு' என்று எழுதினார். 1989-லேயே அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, பிறகு எங்கள் பக்கத்துக்கு வேலூர் மாவட்டம் என்றே பேர் வந்துவிட்டது. ஆனால் நைனா வயசுக்காரர்களுக்கு எப்போதும் அது வட ஆற்காடுதான். அலுவலகத்தில் இருந்தவர் சிவப்பு மையால் அதைக் குறுக்கே அடித்து, "இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனா "தப்புதாங்க சார்" என்றார். விண்ணப்பத்தில் ஒரு தப்பு இருந்தது, திருத்தினார், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கட்டும். அன்றைக்கு அந்த மனிதர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் நாள் வருகைப் பதிவு எடுத்தபோது எழுந்து நின்று "உள்ளேன் அம்மா" என்றேன். பள்ளியில் பன்னிரண்டு வருஷம் சொன்னது வாயில் தானாக வந்தது. வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அது பரவாயில்லை, அடுத்த நாளே 'பிரசன்ட் மேம்' கற்றுக்கொண்டேன். என்னை உண்மையில் முடக்கிப் போட்டது வேறு.

இரண்டாம் நாள் நடைக்கூடத்தில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களிடம் போய், "லேபு எங்க கீது?" என்று கேட்டேன். ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "எங்க கீதுவாம்டி" என்றாள். மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க என் பேர் 'கீது' ஆகிவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் பிற்பாடு நானே போய் வந்தேன். அவர்களுக்கு 'கீது' என்பது சினிமாவில் ரவுடிகள் பேசுகிற பேச்சு. எங்கள் வீட்டில் ஆயா சாமி கும்பிடும்போதும் அதுதான் பேச்சு. "எல்லாரும் நல்லா கீறாமாதிரி பாத்துக்கோ" என்றுதான் மாரியம்மனிடம் வேண்டுவாள்.

வகுப்பில் ஆங்கிலம் வரவில்லை. வெளியே வந்தால் என் தமிழும் கூடாது என்று ஆகிவிட்டது. பேச ஒரு பாஷையும் மிச்சம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் 'யாரிடமும் பேச முடியவில்லை' என்று எழுதியதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

பாடமோ இன்னும் மோசம். பிளஸ் டூ வேதியியலில் 200-க்கு 183 வாங்கியவள் நான். எங்கள் பள்ளியில் அந்தப் பாடத்தில் முதல் மார்க். இங்கே மேடம் பேசப் பேச, கரும்பலகையில் எழுதும் வாய்பாடுகள் மட்டும் தெரிந்த முகம்போல் இருக்கும். நடுவில் வரும் வார்த்தை எல்லாம் இருட்டு. ஹைபிரிடைசேஷன் என்பார்கள், ஈக்விலிப்ரியம் என்பார்கள், பிரிசிபிடேட் என்பார்கள். பக்கத்தில் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். நானும் குனிந்துகொண்டு காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்தால் எனக்கே படிக்க வராது. நமக்கு வேதியியலே தெரியாது போல, 183 எப்படியோ வந்துவிட்டது போல என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, மதியம் சாப்பிடும்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் டப்பாவை எட்டிப் பார்த்து, "உன் டிபன்ல இன்னா கீது?" என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து டப்பாவை மூடப் போனேன். அவள் முகத்தில் கேலி இல்லை. அவளுக்குத் தெரிந்த தமிழே அதுதான். சித்தூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம், அவள் பாட்டியிடமும் காய்கறிச் சந்தையிலும் பழகிய தமிழ். அந்தத் தமிழில் கீது உண்டு, இன்னா உண்டு, வந்துகினு போய்கினு எல்லாம் உண்டு. தமிழில் பேசத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அதனால் அவளும் பத்து நாளாக வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கு என் டப்பாவில் முள்ளுக் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

சித்தூர் 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவில்தான் இருந்தது, ஜில்லாவின் தலைநகரமே அதுதான் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நைனாவிடம் சொன்னேன். "அப்போ நான் எழுதுனது சரிதான்" என்றார்.

இனி ஆய்வகம். முதல் செய்முறை வகுப்பில், பிளஸ் டூவில் செய்த உப்புப் பகுப்பாய்வு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதென்று பார்க்க, ஆளுக்கு ஒரு பொட்டலம் வெள்ளை உப்பு கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என் கை நடுங்கியது. உப்பைக் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, பழக்கத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சோதனைக் குழாயில் வெள்ளையாகத் திரண்டது. தெளிந்த நீருக்குள் அது திரளும் விதம் பார்த்திருக்கிறீர்களா? பால் மாதிரி பரவாது. தயிரைக் கரண்டியால் கீறினால் கட்டிகட்டியாக நிற்குமே, அந்த மாதிரி நிற்கும். பின்னால் வந்து நின்ற மேடம் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கர்டி ஒயிட் பிரிசிபிடேட். குட்" என்றார்.

கர்டி. தயிர். தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு!

பள்ளிக்கூடத்தில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டு எத்தனை முறை எழுதியிருப்பேன் அந்த வரியை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் அது கரையும் என்பதும் தெரியும், கரைந்தால் குளோரைடு என்பதும் தெரியும். இரண்டு வாரமாக என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்த அந்தப் பிரிசிபிடேட், வீழ்படிவுதான். அங்கேயே, பர்னர் பக்கத்தில் நின்றபடி கண் கலங்கிவிட்டது. அமோனியா நெடி என்று துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மதியமே கல்லூரி எதிரில் இருந்த கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். நடுவில் கோடு போட்டு இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். வீழ்படிவு, வினையூக்கி, சமநிலை, இனக்கலப்பு, ஒடுக்கம், நிறங்காட்டி, தரம்பார்த்தல். தினமும் சித்தூர்த் தோழி வகுப்பில் வந்த வார்த்தையைச் சொல்லி, அது என்னவென்று தன் தமிழில் விளக்குவாள். "கேட்டலிஸ்ட்னா, தான் மாறாம இன்னொண்ண சீக்கிரம் மாத்தி உடும்" என்பாள். "அட, வினையூக்கி" என்பேன். பாதி வார்த்தைக்கு மேல் எனக்கு ஏற்கெனவே பொருள் தெரிந்திருந்தது. பேர் மட்டும்தான் புதுசு. பதிலுக்கு நான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் போர்டு படிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது.

சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. படும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வீடு வருவதற்குள் வலது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டும் நுனியில் கருப்பாகிவிட்டன. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் நானும் அம்மாவோடு உட்கார்ந்து முந்நூறு, நானூறு பீடி சுற்றுவேன். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை ஊறவைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நுனியை நகத்தால் மடித்துவிட வேண்டும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலையை எடுத்தேன்.

"இன்னாடி இது, கையெல்லாம் கருப்பு?"

"மருந்து பட்டுச்சும்மா. லேபுல."

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போவாதா?"

"போவாது. தோலு உரிஞ்சாத்தான் போவும்."

என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்த அவள் விரல்களும் அதே இடத்தில், கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், புகையிலைத் தூள் ஏறிப் பழுப்பாக இருந்தன. மடித்து மடித்து ஆள்காட்டி விரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்துபோய் இருக்கும். "உடு. இந்தக் கையோட இலையத் தொடாத" என்று சொல்லி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கறை பத்து நாளில் போய்விட்டது. முறம் திரும்ப என் பக்கம் வரவே இல்லை. நான் கேட்டபோதெல்லாம் "நீ போய்ப் படி" என்றாள். நான் சுற்றவேண்டிய முந்நூறையும் சேர்த்து விளக்கு வைத்த பிறகு அவளே சுற்றினாள்.

சரி. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் வேலூரில் புதுசாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கல்லூரியில் யாராவது உங்களிடம் வேலூரைப் பற்றி ஒரு பழைய வாக்கியத்தை ஒப்பிப்பார்கள். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று போகும். அடுத்து எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள், அதை நான் எழுதமாட்டேன். முதல் வாரத்தில் அதையும் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். அப்போது பதில் தெரியவில்லை, இப்போது தெரியும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே லிங்கம் திரும்ப வந்துவிட்டது. பூசை நடக்கிறது, போய்ப் பாருங்கள். பாலாற்றில் தண்ணி இல்லை என்றால் சிரிக்க என்ன இருக்கிறது? மணலை லாரி லாரியாக அள்ளியது ஆறு செய்த தப்பா? தோல் பதனிட குரோமியம் உப்பைப் போட்டு அந்தக் கழிவை ஆற்றங்கரையில் விட்டது ஆறு செய்த தப்பா? வேதியியல் சொல்லிக் கொடுப்பவள் என்பதால் அந்தத் தண்ணியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு கோபம். மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1996-ம் ஆண்டுத் தீர்ப்பு எங்கள் ஊர் வழக்கில் வந்தது. வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கு. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். எங்கள் ஊரைப் பற்றி ஒப்பிப்பவர்கள் அதையும் ஒப்பிக்கட்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது நான் விருதம்பட்டு பக்கம் பாலத்தில் நின்று பார்த்தேன். தினமும் பஸ்ஸில் கடந்துபோன அதே பாலம். என் பக்கத்தில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

எங்கேயோ போய்விட்டேன்.

இதைப் படித்துவிட்டு, 'ஆங்கிலம் வேண்டாம் என்கிறாயா' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், வழக்கமாக வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டு பிரிவுக்கும் நான்தான் வேதியியல் எடுக்கிறேன். ஆங்கிலம் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் நானும் கற்றுக்கொண்டேன், அதனால்தான் முதுகலை படிக்க முடிந்தது. இன்னொரு பக்கம், தமிழ்வழியில் படித்ததே தப்பு என்று சிலர் எழுதுவார்கள். அதையும் நம்பாதீர்கள். தமிழில் படித்ததால்தான் வீழ்படிவு என்றதும் கீழே வீழ்ந்து படிவது கண்ணில் தெரிந்தது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்த சிலருக்கு அந்த வார்த்தை வெறும் சத்தமாகவே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் படித்த கல்லூரியையும் குறை சொல்லவில்லை. அந்த மேடம் அன்றைக்கு 'குட்' என்று சொல்லாமல் போயிருந்தால் நான் அந்த வாரமே நின்றிருப்பேன்.

இப்போது செல்போனில் எல்லா வார்த்தைக்கும் பொருள் வந்துவிடுகிறதே, நோட்டு எதற்கு என்றும் கேட்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் பார்த்ததைக் கையால் எழுதி வையுங்கள். அப்புறம் வகுப்பில் உங்களைப் போலவே பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் டிபனில் என்ன என்று கேளுங்கள்.

முதல் இன்டர்னலில் நான் 50-க்கு 14. இரண்டாவதில் 31. மூன்றாவதில் என்ன என்று ஞாபகம் இல்லை, அதற்குள் மார்க்கைப் பார்த்துப் பயப்படுவதை விட்டுவிட்டேன். அதனால் முதல் இன்டர்னல் மார்க்கைப் பார்த்துவிட்டு டிசி பேச்சை எடுக்காதீர்கள். குறைந்தது இரண்டாவது வரை பொறுங்கள்.

அறிவியல் பிரிவு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பாடம் என்று சொல்லவில்லை. வேதியியல் என்றால் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த நீள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அட்டை மட்டும் போய்விட்டது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.